நூற்றுக்கு இரண்டு ரூபாய்க் கடன்

மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் மானியக் கோரிக்கை சட்டமன்றத்துக்கு வரும் நாளில் ஆண்டுதோறும் ஒரு தொகை செய்தியாகிறது. 2023-24இல் அது 45,855 கோடி ரூபாய். 2024-25இல் 48,344 கோடி ரூபாய். சராசரியாக நாளொன்றுக்கு 132 கோடி. தமிழ்நாட்டின் சொந்த வரி வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அரசின் டாஸ்மாக் மதுக்கடைகளின் வழியாக வருகிறது. அன்று மாலைத் தொலைக்காட்சி விவாதத்திலும் மறுநாள் காலை டீக்கடையிலும் இந்தத் தொகையைப் பற்றி யாராவது குறைப்பட்டுக்கொண்டால் உடனே ஒரு பதில் வரும்: "அந்தப் பணம் எங்கே போகிறது? உரிமைத் தொகையாக, காலை உணவாக, மருத்துவமனையாக மக்களுக்குத்தானே திரும்பி வருகிறது?"

இந்தப் பதிலுக்குக் கட்சி வேறுபாடு இல்லை. ஆட்சி மாறினாலும் பதில் மாறுவதில்லை. படித்தவர்கள் இதையே இன்னும் கௌரவமான சொற்களில் சொல்கிறார்கள். பணத்துக்கு நிறம் கிடையாது, எல்லா வரியும் ஒரே கஜானாவில் சேரட்டும், எதற்கு எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டம் முடிவு செய்யட்டும் என்பார்கள். மது, புகையிலை வரியில் ஒரு பங்கை நோய் வருமுன் காக்கும் பணிக்கென்று சட்டம் போட்டுக் கட்டிவைத்தால் நிதி ஒழுங்கு கெட்டுவிடும் என்றும் எச்சரிப்பார்கள்.

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தக் கருத்து தவறானது என்பது என் உறுதியான எண்ணம். மதுவுக்கும் புகையிலைக்கும் விதிக்கும் வரியின் மேல் நூற்றுக்கு இரண்டு ரூபாய் தனியாக வசூலித்து, அதை மக்களின் நலவாழ்வுப் பணிக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று சட்டம் இயற்ற வேண்டும். இதை நான் சலுகையாகக் கேட்கவில்லை. குடிப்பவர் வீட்டுக்கு அரசு பட்டிருக்கும் கடன் இது.

முதலில், 'திரும்பி வருகிறது' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். யாரிடமிருந்து போனது, யாருக்குத் திரும்பி வருகிறது? 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதைக் கடந்த ஆண்களில் நூற்றுக்கு 25 பேர் குடிக்கிறார்கள். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆக, அந்த 48,344 கோடியும் மாநிலத்தின் எல்லா வீடுகளிலிருந்தும் சமமாக எடுத்த பணம் அல்ல. நான்கு ஆண்களில் ஒருவருடைய வீட்டிலிருந்து எடுத்த பணம்.

அந்த வீடுகளில் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கட்டட வேலைக்கோ சுமை தூக்கவோ போகும் ஒருவர் நாளுக்கு ஒரு குவார்ட்டர் வாங்குகிறார். 2024 பிப்ரவரி விலை உயர்வுக்குப் பிறகு சாதாரண ரகமே 140 ரூபாய். முப்பது நாளுக்கு 4,200 ரூபாய். அதே வீட்டுப் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை விழுகிறது. 4,200 ரூபாயில் வரி எவ்வளவு, சரக்கின் விலை எவ்வளவு என்று அவர் பிரித்துப் பார்ப்பதில்லை. வீட்டை விட்டுப் போனது 4,200, வீட்டுக்கு வந்தது 1,000. அந்த ஆயிரமும் அவருடைய உரிமை. குடிக்காத வீட்டுப் பெண்ணுக்கு வருவதைப் போலவே அவருக்கும் வருகிறது. அதைக் கணவரின் குடிக்கு ஈடாகச் சொல்லிக் காட்டுவது அந்தப் பெண்ணை அவமதிப்பது. நலத்திட்டங்கள் எல்லாருக்குமானவை. குடியால் வந்த கேட்டை ஈடுசெய்ய அந்த வீட்டுக்கென்று தனியாக எதுவும் திரும்பி வரவில்லை.

புகையிலையின் கணக்கு இதைவிடக் கொடுமையானது. 2017-18இல் இந்தியாவில் புகையிலையால் வந்த நோய்களுக்கும் அகால மரணங்களுக்கும் நாடு கொடுத்த விலை 1,77,341 கோடி ரூபாய் என்று பொருளியல் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நாட்டின் மொத்த உற்பத்தியில் அது ஒரு விழுக்காட்டுக்கு மேல். புகையிலையிலிருந்து தீர்வையாக அரசுக்கு வந்த ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 816 ரூபாய் இழப்பு என்பது அந்த ஆய்வின் முடிவு. இந்த இழப்பு கஜானாவின் பேரேட்டில் ஏறுவதில்லை. அடகுக்கடை ரசீதிலும், விற்றுப்போன வீட்டுமனைப் பத்திரத்திலும், பாதியில் நின்ற பிள்ளையின் படிப்பிலும் ஏறுகிறது. வரவை மட்டும் எழுதிவிட்டுச் செலவை எழுதாத கணக்கை எந்த மளிகைக் கடைக்காரரும் லாபம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். 

இனி, 'ஒரே கஜானா, ஆண்டுதோறும் முடிவு' என்ற வாதத்துக்கு வருவோம். நல்ல அரசாங்கம் எது தேவையோ அதற்குத் தானாகவே பணம் ஒதுக்கும் என்ற நம்பிக்கையில் நிற்கும் வாதம் இது. ஆனால் பணத்துக்காகப் போட்டியிடுபவர்கள் எல்லாரும் சம பலத்தோடு வருவதில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனை வாசலில் நிற்பவருக்குக் குரல் இருக்கிறது. அவருக்கு உறவினர்கள் இருக்கிறார்கள், தொகுதி உறுப்பினர் இருக்கிறார், மறுநாள் செய்தித்தாள் இருக்கிறது. பதினைந்து வயதில் முதல் சிகரெட்டைப் பற்றவைக்காமல் விட்ட சிறுவனுக்குக் குரல் இல்லை. தான் எதிலிருந்து தப்பித்தோம் என்பது அவனுக்கே தெரியாது. புதிய மருத்துவமனைக் கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. வராத நோய்க்குக் கல்வெட்டு வைக்க முடியாது. ஆகவே ஆண்டுதோறும் நடக்கும் போட்டியில் சிகிச்சை வெல்லும், தடுப்பு தோற்கும். அமைச்சர் நல்லவராக இருந்தாலும் அப்படித்தான் நடக்கும்.

நம் அரசின் திட்டங்களிலேயே இதைப் பார்க்கலாம். வருமுன் காப்போம் என்ற பெயரில் முகாம்கள் நடக்கின்றன. 2021இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. இரண்டும் நல்ல திட்டங்கள். அவற்றை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அவை நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும் பணியும் வந்த நோயைக் கட்டுக்குள் வைக்கும் பணியும்தான். நோயைக் கொண்டுவரும் பழக்கம் தெருமுனையில் நண்பகல் 12 மணிக்குக் கதவைத் திறக்கிறது. அந்தப் பழக்கத்தோடு மல்லுக்கட்ட நிலையான நிதியோடு, ஆண்டு முழுவதும் உழைக்கும் அமைப்பு ஒன்றும் நம்மிடம் இல்லை.

சட்டத்தால் கட்டாத பணம் என்ன ஆகும் என்பதற்குத் தெற்கே கண்கூடான சான்று இருக்கிறது. கடையம், ஆலங்குளம், முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் போனால் தெருத்தெருவாகப் பெண்கள் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். நாள் முழுக்கப் புகையிலைத் தூளைச் சுவாசிக்கும் அந்தப் பெண்களுக்காகவே 1976இல் ஒரு சட்டம் வந்தது. ஆலையிலிருந்து வெளியேறும் பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று ஒரு சிறு மேல்வரி. அதிலிருந்து மருந்தகம், பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை, வீடு கட்ட மானியம். புகையிலையிலிருந்து எடுத்த பணம் புகையிலையால் பாதிக்கப்பட்டவருக்கே போக வேண்டும் என்ற கொள்கையை இந்த நாடு நாற்பது ஆண்டுகள் நடத்திக் காட்டியது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த மேல்வரி ரத்தானது. அதன்பின் அந்த நலப்பணிகள் மத்திய வரவுசெலவுத் திட்டத்தின் பொது ஒதுக்கீட்டைப் பார்த்து நிற்கின்றன. அதுவரை உரிமையாக வந்த பணம், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் கேட்டு வாங்க வேண்டிய பணமாயிற்று.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமும் இதே பாடத்தைச் சொல்கிறது. 1987இல் அங்கே இயற்றிய புகையிலைச் சட்டம், புகையிலை மீதான கட்டணத்தில் ஒரு பங்கை நலவாழ்வுப் பணிக்கு ஒதுக்கியது. அதற்கென்று விக்ஹெல்த் என்ற அமைப்பைத் தோற்றுவித்தது. புகையிலை வரியிலிருந்து நிதி பெற்று நலவாழ்வை வளர்க்க உலகில் தோன்றிய முதல் அமைப்பு அது. அதுவரை கால்பந்து அணிகளின் சட்டையிலும் கலைவிழாக்களின் மேடையிலும் சிகரெட் நிறுவனங்களின் பெயர் இருந்தது. அந்த விளம்பரப் பணத்தை விட்டால் விளையாட்டே நின்றுவிடும் என்ற பேச்சும் இருந்தது. விக்ஹெல்த் அந்த இடத்தில் தன் பணத்தைப் போட்டு, சிகரெட்டின் பெயரை அகற்றியது. விளையாட்டு நிற்கவில்லை. 1997இல் மாநிலங்கள் இத்தகைய புகையிலைக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்த பிறகு, அந்த நேரடி வரத்து அறுந்து, விக்ஹெல்த்தும் அரசின் பொது ஒதுக்கீட்டுக்கு வந்து சேர்ந்தது. சட்டத்தின் பிடி எவ்வளவு முக்கியம் என்பதை இரு கண்டங்களிலும் ஒரே விதமாகப் பார்க்கிறோம்.

அடுத்த எதிர்ப்பு, தனி நிதி வைத்தால் அதைத் திருப்பிவிடுவார்கள், இல்லாவிட்டால் கொள்ளையடிப்பார்கள் என்பது. இதில் உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். 2010இல் தூய எரிசக்திக்கென்று நிலக்கரி மீது விதித்த மேல்வரி, 2017இல் ஜி.எஸ்.டி. இழப்பீட்டுக்குப் போனது. உயர்கல்விக்கென்று பல்லாண்டு வசூலித்த மேல்வரி உரிய நிதிக்கே மாற்றப்படாமல் கிடந்ததைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டினார். மத்திய அரசு மேல்வரியாக வசூலித்தால் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது என்ற வருத்தமும் நமக்கு உண்டு.

ஆனால் இந்தக் குறைகளெல்லாம் சட்டத்தில் விட்ட ஓட்டைகளின் குறைகள். பூட்டு உடைந்தது என்பதற்காகக் கதவே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. தாய்லாந்து 2001இல் போட்ட பூட்டைப் பாருங்கள். அங்கே மது, புகையிலை உற்பத்தியாளர்களும் இறக்குமதியாளர்களும் கட்டும் தீர்வையின் மேல் இரண்டு விழுக்காடு கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்த இரண்டு விழுக்காடு ஆண்டு வரவுசெலவுத் திட்டத்துக்குள் போகாமல், நேராகத் தாய்லாந்து சுகாதார மேம்பாட்டு அறக்கட்டளைக்குப் போகிறது. அறக்கட்டளையின் தலைவர் நாட்டின் பிரதமர். நிர்வாகக் குழு ஒன்று, அதன் வேலையை எடைபோடும் மதிப்பீட்டுக் குழு தனியாக ஒன்று. ஆண்டறிக்கை அமைச்சரவைக்கும் நாடாளுமன்றத்துக்கும் போக வேண்டும். ராணுவ ஆட்சிக் காலத்தில் பணம் செலவான விதம் பற்றிக் கேள்வி எழுந்து, 2016 ஜனவரியில் நிர்வாகக் குழுவில் ஏழு பேரை நீக்கினார்கள். ஆட்கள் போனார்கள், சட்டம் நிலைத்தது, இரண்டு விழுக்காடும் நிலைத்தது. தவறு நடந்தால் ஆளை மாற்றிவிட்டு வேலையைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு அதுவே சான்று.

இரண்டு விழுக்காடு தீர்வைக்கு உள்ளிருந்து எடுப்பதல்ல, தீர்வைக்கு மேல் வசூலிப்பது என்பதையும் கவனிக்க வேண்டும். கஜானாவுக்கு ஒரு ரூபாய்கூடக் குறையாது. 140 ரூபாய் குவார்ட்டரில் முழு விலையையும் வரி என்றே வைத்துக்கொண்டாலும் நூற்றுக்கு இரண்டு என்பது மூன்று ரூபாயை எட்டாது. பத்து ரூபாய் ஏற்றும்போது யாரிடமும் கேட்காத அரசு, இந்த மூன்று ரூபாய்க்கு மட்டும் நிதி ஒழுங்கைக் காரணம் காட்டுவது பொருந்தாது.

மதுவைப் பொறுத்தவரை மத்திய அரசின் அனுமதிக்காக நாம் காத்திருக்கவும் வேண்டாம். குடிக்கும் மது ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருக்கிறது. அதன் மீதான வரி மாநிலத்தின் கையில் இருக்கிறது. 2024-25 வருவாயின் அளவில் பார்த்தால் இரண்டு விழுக்காடு ஏறத்தாழ 967 கோடி ரூபாய். 38 மாவட்டங்களுக்குப் பிரித்தால் மாவட்டத்துக்கு 25 கோடிக்கு மேல், ஒவ்வோர் ஆண்டும், யாரையும் கெஞ்சாமல்.

"குடிப்பவர் கட்டும் பணத்தில் நடக்கும் அமைப்பு, குடி குறைந்தால் தானும் நலிந்துவிடுமே, அப்புறம் அது குடியை ஒழிக்க மனதார உழைக்குமா?" என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி சரிதான், ஆனால் கேட்க வேண்டிய இடம் வேறு. வரி முழுவதையும் தன் அன்றாடச் செலவுக்கு எடுத்துக்கொண்டு, அதை நம்பியே அடுத்த ஆண்டுத் திட்டத்தை எழுதும் நிதித்துறையைத்தான் முதலில் இந்தக் கேள்வி கேட்க வேண்டும். அந்தச் சார்பு இன்றே இருக்கிறது, ஆண்டுதோறும் வளர்கிறது. மேலும் வரியை முறையாக உயர்த்தினால் நுகர்வு குறையும்போதே வருவாயும் உயரும் என்பதைத் தாய்லாந்து காட்டியது. 1993இல் 55 விழுக்காடாக இருந்த சிகரெட் தீர்வை படிப்படியாக ஏறி 2012இல் 87 விழுக்காடானது. வருவாய் மும்மடங்குக்கு மேல் பெருகியது. புகைப்போர் விகிதமோ 1991இல் நூற்றுக்கு 32 ஆக இருந்து, அடுத்த முப்பது ஆண்டுகளில் 20-க்குக் கீழ் இறங்கியது. குடியும் புகையும் அடியோடு ஒழிந்து ஒரு நாள் அந்த நிதி வற்றிப்போனால் அது தோல்வி அல்ல, வேலை முடிந்தது என்று பொருள்.

மது வருவாய் இல்லாவிட்டால் அரசே நடக்காது என்று அஞ்சுவோர் நம் வரலாற்றையும் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய ராஜாஜி அரசு, அதனால் வந்த இழப்பை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. பின்னாளில் மாநிலத்தின் முதன்மையான வருவாயாக வளர்ந்தது அந்த விற்பனை வரிதான். மது வருவாயை விட்டுக்கொடுக்கத் துணிந்ததால் கஜானா இன்னும் பெரிய வழியைக் கண்டுபிடித்தது. முழு மதுவிலக்கை நான் இங்கே கேட்கவில்லை. மூன்று ரூபாயைத் தனியே எடுத்து வைக்கும் துணிவையாவது கேட்கிறேன்.

ஏழையின் பெயரால் சொல்லும் வாதம் ஒன்று இருக்கிறது. வரி ஏறினால் அடிபடுவது கூலித் தொழிலாளிதானே என்பார்கள். இந்தக் கரிசனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது போக வேண்டிய தூரம் வரை போகவில்லை. விலை ஏறும்போது முதலில் குறைப்பவரும் விடுபவரும் ஏழைகள்தான் என்பதைப் பல நாடுகளின் அனுபவம் காட்டியிருக்கிறது. விலையை மலிவாக வைத்திருப்பது ஏழைக்குச் செய்யும் தயவல்ல. 2025 செப்டம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் பீடி மீதான வரியை 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைக்க முடிவெடுத்தது. ஏழை புகைப்பதை இன்னும் மலிவாக்கும் இந்த முடிவுக்குப் பீடித் தொழிலாளரின் பிழைப்பைக் காரணம் சொல்கிறார்கள். அந்தத் தொழிலாளிக்கு உதவ வேண்டுமானால் அவருக்கு மாற்று வேலையும் மருத்துவமும் கொடுப்பதே நேர் வழி. பிலிப்பைன்ஸ் 2012இல் அதைச் செய்தது. மது, புகையிலை வரியை ஏற்றி, கிடைத்த கூடுதல் வருவாயில் பெரும்பகுதியை ஏழைக் குடும்பங்களின் மருத்துவக் காப்பீட்டுக்குக் கொடுத்தது. ஒரு பங்கைப் புகையிலை பயிரிடும் பகுதிகளுக்கும் ஒதுக்கியது.

வரி ஏறியும் விட முடியாமல் குடிப்பவர் ஒருவர் எப்போதும் இருப்பார். அவர்தான் இந்தக் கட்டுரையின் நடுவில் நிற்பவர். அவருக்குக் குடி இப்போது ஆசை அல்ல, நோய். காலையில் கை நடுங்குகிறது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். 2020 ஊரடங்கில் கடைகள் மூடியபோது வார்னிஷ் போன்றவற்றைக் குடித்து உயிரிழந்தவர்களின் செய்திகள் இந்த மாநிலத்திலிருந்தே வந்தன. பல ஆண்டுகள் அவர்களிடம் வரி வாங்கிய அரசிடம், அந்த நாளில் அவர்களைத் தாங்கிப் பிடிக்க ஊர்தோறும் ஒரு படுக்கை இல்லை, பேசித் தேற்ற ஓர் ஆள் இல்லை. ஏழையிடம் வரி வாங்கக் கூடாது என்பவர்களும் வாங்கலாம் என்பவர்களும் இந்த ஓர் இடத்திலாவது ஒன்றுபட வேண்டும். வாங்கிவிட்டோம். இனி அதில் ஒரு பங்கு முதலில் அவருக்குத்தான் போக வேண்டும்.

கள்ளச்சாராயத்தைக் காட்டி அச்சுறுத்துவோரும் உண்டு. விலை ஏற்றினால் மக்கள் பாக்கெட் சாராயத்துக்குப் போய்விடுவார்கள், கள்ளக்குறிச்சியைப் பார்க்கவில்லையா என்கிறார்கள். பார்த்தோம். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓராண்டுக்கு முன் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் அதே நஞ்சு உயிர்களைக் குடித்தது. டாஸ்மாக் விலை கொடுக்க முடியாதவர்கள் அதைத் தேடிப் போனார்கள் என்பது உண்மை. ஆனால் கருணாபுரம் காட்டுக்குள் இருக்கும் ஊரல்ல. கள்ளக்குறிச்சி நகருக்குள் இருக்கும் பகுதி. அங்கே தோற்றது வரி அல்ல, காவல். காவலோடு சேர்ந்து இன்னொன்றும் தோற்றது. அந்தக் குடியிருப்பில் யார் யார் தினமும் குடிக்கிறார்கள் என்பது தெருவுக்கே தெரிந்திருக்கும். அவர்களைத் தேடிப்போய்ப் பேசி, சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் ஊழியர் ஒருவர் அங்கே இருந்திருக்க வேண்டும். சாவுக்குப் பிறகு தலைக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க அரசிடம் பணம் இருந்தது. அதற்கு முன் அந்தத் தெருவில் ஒரு நலவாழ்வு ஊழியரை வைக்க மட்டும் தனி நிதி இல்லை.

கடைசியாக, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சுவரொட்டி ஒட்டியும் ஊர்வலம் போயும் யார் திருந்தினார்கள்?" என்று கையை விரிப்பவர்கள். நலவாழ்வுப் பணி என்றால் சுவரொட்டி என்று நாம் நினைப்பதற்குக் காரணம், இதுவரை நமக்குக் காட்டியது சுவரொட்டியை மட்டும்தான். நம் ஊரில் கார்த்திகை பிறந்தால் நேற்றுவரை குடித்தவர் மாலை போட்டுக்கொண்டு விரதம் முடியும்வரை தொடாமல் இருக்கிறார். சொந்தக்காரர், முதலாளி, கூட்டாளி எல்லாரும் அவரை 'சாமி' என்று அழைத்து அந்த விரதத்தைக் காக்கிறார்கள். ரமலானிலும் தவக்காலத்திலும் இப்படியே விலகி இருப்பவர்கள் உண்டு. தாய்லாந்திலும் பௌத்தர்களின் மூன்று மாத மழைக்கால விரதம் இருக்கிறது. 2003இலிருந்து அந்த அறக்கட்டளை அந்த மூன்று மாதமும் குடிக்காமல் இருப்போம் என்ற உறுதிமொழியை நாடு தழுவிய இயக்கமாக்கியது. வழக்கம் மக்களிடம் முன்பே இருந்தது. அதற்குப் பணமும் ஆளும் தொடர்ச்சியும் கொடுத்தது அந்த இரண்டு விழுக்காடு. மாலையைக் கழற்றும் நாளில், 'சாமி, இன்னும் கொஞ்ச நாள் தொடருங்கள், நாங்கள் துணை இருக்கிறோம்' என்று சொல்ல நம் ஊரில் யாரை வைத்திருக்கிறோம்?

மக்கள் இயக்கத்தால் என்ன முடியும் என்பதைப் பக்கத்து மாநிலமும் காட்டியிருக்கிறது. ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள், பாடப்புத்தகத்தில் சாராயக் கடையை மூடிய பெண்களின் கதையைப் படித்துவிட்டுத் தங்கள் ஊர்க் கடையை மூடக் கிளம்பினார்கள். 1992இல் அது மாநிலம் முழுவதும் பரவியது. 1993 அக்டோபரில் அங்கே சாராயத்துக்குத் தடை வந்தது. அதே காலத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. எழுத்தறிவுக்கென்று ஒதுக்கிய பணமும் தொண்டர்களின் உழைப்பும் சேர்ந்தபோது நடந்தவை இவை. மாவட்டத்துக்கு 25 கோடி ரூபாய் ஆண்டுதோறும் உறுதியாக வந்தால் ஒவ்வொரு வட்ட அரசு மருத்துவமனையிலும் போதை மீட்புப் படுக்கைகள் இருக்கும், ஆலோசகர்கள் இருப்பார்கள். மாலை ஆறு மணிக்குப் போக ஊர்ப் பையன்களுக்கு விளக்குப் போட்ட விளையாட்டுத் திடல் இருக்கும். கிராமத்துக் கபடிப் போட்டிக்குப் பரிசு கொடுக்கக் கௌரவமான பணம் இருக்கும். குடியை விட்டவர்கள் கூடிப் பேச ஓர் அறை இருக்கும். பீடி சுற்றும் பெண் வேறு தொழில் பழக ஒரு பயிற்சிக் கூடம் இருக்கும்.

இவற்றில் எதுவும் கனவல்ல. ஏழைப் பெண்ணின் பிரசவத்துக்கும் பள்ளிப் பிள்ளையின் சாப்பாட்டுக்கும் திட்டம் போட்டு, பிற மாநிலங்களுக்கு வழிகாட்டிய மாநிலம் இது. நிர்வாகத் திறமை நம்மிடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

எனவே சட்டமன்ற உறுப்பினர்களிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும், ஒன்று கேட்கிறேன். அடுத்த மானியக் கோரிக்கையில் கடைகளின் எண்ணிக்கையையும் வருவாயையும் பற்றிப் பேசி முடித்த பிறகு, ஒரு சட்ட முன்வடிவைக் கொண்டுவாருங்கள். மது வரியின் மேல் நூற்றுக்கு இரண்டு. வரவுசெலவுத் திட்டத்துக்கு வெளியே தனி அமைப்பு. முதல்வர் தலைமை, தனி மதிப்பீட்டுக் குழு, ஆண்டுதோறும் பேரவையில் அறிக்கை, வேறு செலவுக்குத் திருப்பிவிடத் தடை. புகையிலை வரியிலும் அதே பங்கைக் கேட்டு ஜி.எஸ்.டி. மன்றத்தில் குரல் எழுப்புங்கள். பீடித் தொழிலாளர் நல நிதிக்கு இழந்த உயிரை மீட்டுத் தாருங்கள்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். 'அந்தப் பணம் மக்களுக்குத்தானே திரும்பி வருகிறது' என்று யாராவது உங்களிடம் சொன்னால், நூற்றில் எத்தனை ரூபாய் குடிப்பவர் வீட்டுக்கு, குடியை விடுவதற்காகத் திரும்பி வந்தது என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள். இந்த மாநிலம் அந்த வீட்டுக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் கடன்பட்டிருக்கிறது. கடனைத் தீர்க்காமல் தருமம் பேசக் கூடாது.